அன்னத்தின் மூக்கைப் பார்த்துப் பெயர் வைத்த ஓவியர்! சர் பீட்டர் ஸ்காட்டைத் தெரியுமா?

கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பாண்டா! இயற்கைக்கான உலகளாவிய நிதியமான டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பின் சின்னம். டி-ஷர்ட்டில், ஸ்டிக்கரில், பள்ளிப் பாடப்புத்தகத்தில் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அந்த லோகோவை முதன்முதலில் வரைந்தவர் யார் தெரியுமா?

ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்! போர்க்கப்பலில் சண்டை போட்டவர்! கிளைடர் விமானத்தில் தேசிய சாம்பியன்! தேர்தலில் நின்று தோற்றவர்! அழியப்போன ஒரு பறவையினத்தை மீட்டவர்! லாக்நெஸ் ஏரியின் அசுரனுக்கே அறிவியல் பெயர் சூட்டியவர்!

இத்தனை பேரா என்கிறீர்களா? இல்லை, எல்லாம் ஒரே ஆள்தான்! பிரிட்டனின் பறவை ஓவியர் சர் பீட்டர் ஸ்காட். 1909 முதல் 1989 வரை அவர் வாழ்ந்த வாழ்க்கையில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஆச்சரியம்தான்! புரட்டலாமா?

பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா?

பீட்டர் பான்! வளரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அந்தக் கதைச் சிறுவனின் பெயர்தான் இவருக்கு! கதையை எழுதிய ஜே.எம்.பாரி யார் என்கிறீர்கள்? இவருடைய ஞானத்தந்தை! கதாசிரியரே ஞானத்தந்தையாக அமைந்து, அவருடைய நாயகனின் பெயரையே சுமக்கும் யோகம் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?

அப்பா யார் தெரியுமா?

தென்துருவப் பயணத்தில் உயிரை விட்ட கேப்டன் ராபர்ட் ஸ்காட்! 1912 ஜனவரியில் தென்துருவத்தை எட்டினார். ஆனால் நார்வேயின் அமுண்ட்சென் அவருக்கு ஒரு மாதத்துக்கும் மேல் முந்திக்கொண்டுவிட்டார். திரும்பும் வழியில் பனிப்புயல். கூடாரத்துக்குள்ளேயே மரணம்.

மகனை ஒரு வயதுகூட நிறையாத குழந்தையாக விட்டுவிட்டுப் போனவர், சாகும் தறுவாயில் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். அதில் என்ன கேட்டார் தெரியுமா? முடிந்தால் பையனுக்கு இயற்கையின் மேல் ஆர்வம் வர வை, விளையாட்டை விட அது மேலானது என்று! உறைபனியில் விரல் மரத்துப்போன நேரத்தில் எழுதிய அந்த வரி ஒரு மனிதனின் தலையெழுத்தையே எழுதிவிட்டது!

அம்மாவும் சாமானியர் இல்லை!

கேத்லீன் ஸ்காட் பெயர் பெற்ற சிற்பி! லண்டன் வாட்டர்லூ பிளேஸில் கேப்டன் ஸ்காட்டின் சிலை நிற்கிறதே, அதைச் செய்தவர் யார்? அவருடைய மனைவியேதான்! கணவரை வரவேற்க நியூசிலாந்து நோக்கிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான், 1913-இல், நடுக்கடலில் வானொலித் தந்தி மூலம் அவருக்குச் சாவுச் செய்தி வந்தது. அப்போது மகனுக்கு வயது மூன்று!

பறவைக் காவலர் முதலில் பறவை வேட்டைக்காரர்!

நம்ப முடிகிறதா? கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் பீட்டருக்கு வாத்து வேட்டை என்றால் உயிர்! விடிவதற்கு முன்பே சேற்றுவெளியில் குப்புறப் படுத்து, தட்டைப் படகில் பெரிய துப்பாக்கியைப் பொருத்தி வாத்துக் கூட்டத்தை நெருங்குவார். வாத்து எப்படிப் பறக்கும், எந்த வெளிச்சத்தில் எந்த நிறமாகத் தெரியும், இறக்கையை எந்தக் கோணத்தில் மடக்கித் தரையிறங்கும் என்று அத்தனையும் அப்படிக் கிடந்து பார்த்தே கண்ணில் பதிந்தது!

பிறகு என்ன ஆயிற்று? சுடப்பட்ட ஒரு காட்டு வாத்து, யாரும் போய் எடுக்க முடியாத சேற்றில் விழுந்தது. மறுநாளும் உயிர் போகாமல் அங்கேயே கிடந்தது. இப்படி ஓர் உயிரை வதைக்க நமக்கு என்ன உரிமை என்ற கேள்வி அவரைக் குடைய ஆரம்பித்தது. கடைசியில் துப்பாக்கியை நிரந்தரமாகக் கீழே வைத்துவிட்டார்! தூரிகையை மட்டும் விடவே இல்லை!

குடித்தனம் எங்கே தெரியுமா?

கலங்கரை விளக்கத்தில்! 1930-களில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நீன் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த பழைய கலங்கரை விளக்கம்தான் வீடு, ஓவியக்கூடம் எல்லாம்! சுற்றிலும் வேலி போட்டு வாத்துகளை வளர்த்தார். 1933-இல் லண்டன் பாண்ட் தெருவில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தபோது வயது 23!

இன்னொன்று தெரியுமா? கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ஓவியனையும் ஒரு பனி வாத்தையும் வைத்து பால் காலிகோ எழுதிய ‘த ஸ்னோ கூஸ்’ கதை உலகப் புகழ் பெற்றது. அந்த நாயகனுக்கு ஓரளவுக்கு முன்மாதிரி பீட்டர்தான்! பிறகு அதே கதையின் 1946-ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் படம் வரைந்தவர் யார்? சாட்சாத் அவரேதான்!

ஒலிம்பிக் பதக்கமா? ஓவியருக்கா?

ஆமாம்! 1936 பெர்லின் ஒலிம்பிக். பாய்மரப் படகுப் போட்டி கீல் நகரில் நடந்தது. தனி ஆள் ஓட்டும் படகுப் பிரிவில் பீட்டருக்கு வெண்கலம்!

1938-இல் நண்பர் ஜான் விண்டருடன் சேர்ந்து இன்னொரு வேலை செய்தார். பாய்மரத்தில் கட்டிய கம்பியில் உடலை மாட்டிக்கொண்டு, படகுக்கு வெளியே காற்றில் தொங்கியபடி படகைச் சாயாமல் பிடிக்கும் உத்தி! போட்டியில் வெற்றி! உடனே அந்த உத்திக்குத் தடை! ஆனால் இன்று? ‘டிரபீஸ்’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் பந்தயப் படகுகளில் இருக்கிறது!

அதோடு விட்டாரா? 1963-இல் பிரிட்டனின் கிளைடர் சாம்பியன்! 1964-இல் அமெரிக்காஸ் கோப்பை படகுப் பந்தயத்தில் பிரிட்டனின் ‘சாவரின்’ படகுக்குத் தலைவர்! அதில் மட்டும் 4-0 என்று மண்ணைக் கவ்வ வேண்டியிருந்தது. விளையாட்டை விட இயற்கை மேலானது என்ற அப்பாவின் பேச்சைக் கேட்டாரா, மீறினாரா? இரண்டையும் செய்தார்!

கப்பலைக் காணாமல் போகச் செய்தாரா?

கிட்டத்தட்ட! இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்குப் போனார். போர்க்கப்பல் என்றால் இருண்ட சாம்பல் நிறம்தானே வழக்கம்? தப்பு என்றது ஓவியரின் கண்! இரவிலும் வானம் கடலை விடச் சற்று வெளிறித்தான் இருக்கும். இருண்ட கப்பல் அதன் முன்னால் துருத்திக்கொண்டு தெரியும். வெள்ளை, வெளிர் நீலம், வெளிர் பச்சை அடித்தால்? வானத்தோடு கரைந்துவிடும்!

தான் பணியாற்றிய ‘புரோக்’ கப்பலில் 1940-இல் முதலில் இதைப் பரிசோதித்தார். அடுத்த ஆண்டே பிரிட்டனின் மேற்குக் கடல்வழியைக் காத்த கப்பல்களுக்கெல்லாம் இந்த வண்ணம்தான்! மறைப்பு எவ்வளவு பலித்தது தெரியுமா? இருட்டில் சொந்தக் கப்பல்களே ஒன்றையொன்று பார்க்க முடியாமல் மோதிக்கொண்டதாகச் சொல்வார்கள்!

பிறகு ஒரு நீராவிப் பீரங்கிப் படகுக்குத் தலைமை ஏற்றார். அதன் பெயர் என்ன தெரியுமா? ‘கிரே கூஸ்’, சாம்பல் வாத்து! போர்க்களத்திலும் வாத்தை விடவில்லை மனிதர்!

தோற்றது நல்லதாகப் போயிற்று!

1945 பொதுத்தேர்தல். வெம்பிளி வடக்குத் தொகுதியில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பீட்டர் ஸ்காட். சில நூறு வாக்கு வித்தியாசத்தில் தோல்வி! ஜெயித்திருந்தால் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பார். தோற்றதால் எங்கே போய் உட்கார்ந்தார் தெரியுமா?

அதே டிசம்பரில், செவர்ன் ஆற்றங்கரையில், ஸ்லிம்பிரிட்ஜ் கிராமத்தில், போர்க்காலத்தில் கட்டிய ஒரு காங்கிரீட் காவல் அரணுக்குள்! அதன் துளை வழியாகத் தொலைநோக்கியில் பார்த்தால், எதிரே ஆயிரக்கணக்கில் வெண்நெற்றி வாத்துகள். அந்தக் கூட்டத்துக்குள், கண்ணைச் சுற்றித் தங்க வளையம் போட்ட ‘சிறிய வெண்நெற்றி வாத்து’! பிரிட்டனுக்கு அபூர்வத்திலும் அபூர்வமான விருந்தாளி! ஆயிரத்தில் ஒன்றைக் கண்ணோர வளையத்தை வைத்துப் பிடித்ததே, அந்தப் பார்வையை என்ன சொல்வது!

இதுதான் இடம் என்று அங்கேயே முடிவு செய்தார். 1946 நவம்பரில் பறவைகளுக்கான அறக்கட்டளை பிறந்தது. இன்று டபிள்யூ.டபிள்யூ.டி. என்ற பெயரில், பிரிட்டன் முழுக்கப் பத்து ஈரநில மையங்கள்! உலகில் உள்ள ஆறு வகைப் பூநாரைகளையும் ஒருசேர வைத்திருந்த பெருமையும் ஸ்லிம்பிரிட்ஜுக்கு உண்டு!

வாத்து பிடிக்க ராக்கெட்டா?

ராக்கெட்டேதான்! வாத்து எங்கே போகிறது, எத்தனை ஆண்டு வாழ்கிறது என்று தெரிய வேண்டுமானால் காலில் வளையம் மாட்ட வேண்டும். வளையம் மாட்டப் பிடிக்க வேண்டும். கிட்டப் போனாலே பறந்துவிடுமே? 1948-இல் ஸ்காட் குழு கண்டுபிடித்த வழி, ராக்கெட்டில் கட்டிய வலை! தரையில் மடித்து மறைத்து வைப்பார்கள். கூட்டம் வந்து இறங்கியதும் விசை! ராக்கெட்டுகள் வலையை இழுத்துக்கொண்டு பாயும். வாத்துகள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வலை மேலே விழுந்துவிடும்!

கல்யாணம் நடந்த இடம் தெரியுமா?

ஐஸ்லாந்து! 1951-இல் பிங்க் நிறக் கால் கொண்ட வாத்துகளுக்கு வளையம் மாட்டப் போன பயணத்தில்தான், ரெய்க்யவிக் நகரில், பிலிப்பாவைக் கைப்பிடித்தார்! இறகு உதிர்க்கும் பருவத்தில் வாத்தால் பறக்க முடியாது. அந்தச் சமயம் பார்த்து, குதிரை மேலேறி விரட்டி வளைத்துப் பட்டிக்குள் அடைத்து வளையம் மாட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்துகளுக்கு வளையம்! கூடவே மணமகளுக்கும் ஒன்று!

ஜோடி என்று வந்தவை... இரண்டும் பெண்!

நேநே என்ற ஹவாய் வாத்தைத் தெரியுமா? ஒரு காலத்தில் ஆயிரமாயிரமாய் இருந்த இனம். 1950 வாக்கில் காட்டில் மிஞ்சியவை எத்தனை தெரியுமா? சுமார் 30!

ஹவாயில் ஒருவர் வளர்த்து வந்த சிறு கூட்டத்திலிருந்து ஒரு ‘ஜோடி’ ஸ்லிம்பிரிட்ஜுக்கு வந்தது. எல்லோரும் குஞ்சுக்குக் காத்திருந்தார்கள். 1951 வசந்தத்தில் நடந்தது என்ன? ஒன்று முட்டையிட்டது. மற்றதும் முட்டையிட்டது! இரண்டும் பெண்! உலகின் தலைசிறந்த வாத்து நிபுணர்களையே ஏமாற்றிய ஜோடி!

உடனே பறந்தது தந்தி! ‘கமேஹமேஹா’ என்று ஹவாய் மன்னர் பெயர் சூட்டப்பட்ட ஆண் வாத்து விமானத்தில் வந்து இறங்கியது! அடுத்த ஆண்டே 9 குஞ்சுகள்! அவை பெருகிப் பெருகி, 1962-இல் தாய்நாடு திரும்பின. மாவி தீவின் ஹலேயகலா எரிமலைப் பள்ளத்துக்கு அவற்றைச் சுமந்து போனது யார் தெரியுமா? சாரணர் சிறுவர்கள்! முதுகுப் பைக்குள் வாத்து!

2019-இல் கணக்கெடுத்தபோது ஹவாயில் 2,800-க்கும் மேல்! ‘அழியும் ஆபத்தில்’ என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கியே விட்டது அமெரிக்க அரசு!

பாண்டா ஏன் கறுப்பு வெள்ளை? காரணம் சிக்கனம்!

1961-இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் ஒருவர் ஸ்காட். சின்னம் வேண்டும். எல்லா மொழிக்காரருக்கும் பார்த்ததும் பிடிக்க வேண்டும். அழியும் ஆபத்தில் இருக்கும் விலங்காகவும் இருக்க வேண்டும். முக்கியமாக, அச்சுச் செலவு குறைய வேண்டும்! இயற்கையிலேயே கறுப்பு வெள்ளையாகப் பிறந்தது எது? பாண்டா!

அந்தச் சமயம் லண்டன் மிருகக்காட்சி சாலையில் சீ-சீ என்ற பாண்டாதான் ஊரின் செல்லம். அதை மனதில் வைத்து ஓவியர் ஜெரால்ட் வாட்டர்சன் போட்ட முதல் கோடுகளிலிருந்து ஸ்காட் சின்னத்தை உருவாக்கினார். வண்ணங்களில் விளையாடிய ஓவியர், உலகமே அடையாளம் காணும் படத்தை ஒரே கறுப்பு மையில் முடித்துவிட்டார்!

‘சிவப்புப் புத்தகம்’ யார் யோசனை?

இந்த விலங்கு அழிவின் விளிம்பில் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்தச் சிவப்புப் பட்டியலின் மூலவடிவம் ஸ்காட்டின் யோசனைதான்! பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். அமைப்பின் உயிரினப் பாதுகாப்புக் குழுவுக்கு 1963 முதல் 1980 வரை அவர்தான் தலைவர். முதல் புத்தகங்கள் எப்படி இருந்தன தெரியுமா? தைக்காத தனித்தனித் தாள்கள்! ஓர் உயிரினத்தின் நிலை மாறினால், பழைய தாளை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம்! மீண்டு வந்த உயிரினத்துக்குப் பச்சைத் தாள்!

அன்னத்துக்கு அன்னம் மூக்கு மாறுமா?

மாறும்! அதைக் கண்டுபிடித்ததுதான் ஸ்காட்டின் உச்சம்!

1964 பிப்ரவரி. ஸ்லிம்பிரிட்ஜ் வீட்டின் ஓவிய அறையில் சுவரளவு ஜன்னல். வெளியே ஏரி. ஆர்க்டிக் ரஷ்யாவிலிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து வந்த பியூயிக் அன்னங்கள் நீந்துகின்றன. வரைந்துகொண்டே இருந்தவர் சட்டென்று கவனித்தார். அலகில் கறுப்பும் மஞ்சளும் சேரும் இடம் ஒன்றைப் போல் இன்னொன்றில் இல்லை! ஒன்றில் மஞ்சள் நெற்றிவரை ஏறுகிறது. ஒன்றில் நடுவே கறுப்புக் கோடு. நம் கைரேகை மாதிரி, ஆளுக்கு ஒன்று!

பிடிக்க வேண்டாம், வளையம் வேண்டாம், பார்த்தாலே போதும்! மூக்கை நேராகவும் பக்கவாட்டிலும் வரைந்து பெயர் வைக்கத் தொடங்கினார். வீடே சேர்ந்து வரைந்தது! மகள் டாஃபிலா பிறகு இதே அன்னங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டமே வாங்கினார்! அன்று தொடங்கிய பதிவேடு இன்றும் நடக்கிறது. ஆயிரக்கணக்கான அன்னங்களின் ஜாதகம் அதில்!

அதிலிருந்து வெளிவந்த ஒரு ரகசியம் கேளுங்கள். சுமார் 4,000 ஜோடிகளை 40 ஆண்டுக்கும் மேல் கவனித்திருக்கிறார்கள். 2010-க்குள் கண்ணில் பட்ட ‘விவாகரத்து’ எத்தனை? வெறும் இரண்டு! அந்த ஆண்டு குளிர்காலத்தில் சரிந்தி என்ற ஆண் அன்னம் புதுத் துணையோடு வந்து இறங்கியது. பழைய ஜோடி சருனியும் பின்னாலேயே புது மாப்பிள்ளையோடு வந்தது! ஒரே ஏரி! முகத்தைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லையாம்! செய்தி உலகம் சுற்றியது!

பிள்ளைகள் பெயரைக் கேளுங்கள்!

மகள் டாஃபிலா! அது ஊசிவால் வாத்தின் பழைய லத்தீன் பெயர்! மகன் ஃபால்கன்! அதாவது வல்லூறு! பறவைப் பைத்தியம் என்று வேறு யாரைச் சொல்வது?

டி.வி.யிலும் அவர்தானா?

1953-இல் ஸ்லிம்பிரிட்ஜிலிருந்தே பிபிசி நேரடி ஒளிபரப்பு செய்தது. 1955-இல் தொடங்கிய ‘லுக்’ நிகழ்ச்சி சுமார் 14 ஆண்டுகள் ஓடியது! பேசிக்கொண்டே இருப்பார், கை பாட்டுக்குப் பறவையை வரைந்துகொண்டே இருக்கும்! டேவிட் அட்டன்பரோவே இவரை இயற்கைப் பாதுகாப்பின் ‘காவல் புனிதர்’ என்று கொண்டாடினார் என்றால் பாருங்கள்!

இல்லாத அசுரனுக்கு அறிவியல் பெயரா?

ஸ்காட்லாந்தின் லாக்நெஸ் ஏரியில் அசுரன் இருக்கிறதா, இல்லையா? 1975-இல் ‘நேச்சர்’ இதழில், அமெரிக்கரான ராபர்ட் ரைன்ஸ் எடுத்த படங்களை வைத்து, அவருடன் சேர்ந்து ஸ்காட் அதற்கு அறிவியல் பெயரே வைத்துவிட்டார்: ‘நெசிடெராஸ் ராம்போப்டெரிக்ஸ்’! ஏன் அவசரம்? அந்த ஆண்டுதான் பிரிட்டனில் உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. அறிவியல் பெயர் இருந்தால்தான் பாதுகாப்பு! ஒருவேளை இருந்துவிட்டால்? யாரும் சுட்டுவிடக் கூடாதே!

கூத்து இனிமேல்தான்! அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் பார்த்தார் ஒரு ஸ்காட்லாந்து எம்.பி. என்ன வந்தது தெரியுமா? ‘சர் பீட்டர் எஸ். செய்த அசுரப் புரளி’ என்று பொருள்படும் வாசகம்! ரைன்ஸ் சும்மா இருப்பாரா? அதே எழுத்துகளை இன்னொரு விதமாகக் கலைத்தார். ‘ஆமாம், இரண்டு படமும் அசுரன்தான்’ என்று வந்தது!

47 வயதில் கடலுக்கு அடியில்!

பறவை போதாதென்று மீன்! ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கியவர், அதன் பிறகு கடலை விடவே இல்லை. பார்த்த மீனையெல்லாம் நாட்குறிப்பில் வண்ணத்தோடு வரைந்து வைத்தார். அவர் மறைந்த அதே 1989-இல், புதிதாக விவரிக்கப்பட்ட ஒரு பவளத்திட்டு மீனுக்கு ‘ஸ்கோட்டோரம்’ என்று பெயர் வந்தது. பீட்டர், பிலிப்பா இருவருக்கும் சேர்த்து வைத்த பெயர்!

‘சர்’ பட்டம் எதற்கு?

ஓவியத்துக்கா? இல்லை! படகுக்கா? இல்லை! 1973-இல் இயற்கைப் பாதுகாப்புக்காகவே ‘சர்’ பட்டம் பெற்ற முதல் மனிதர் பீட்டர் ஸ்காட்! 1989 ஆகஸ்ட் 29-இல் மறைந்தபோது, 80-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டே வாரம் பாக்கி!

கோடியக்கரைக்கும் ஸ்லிம்பிரிட்ஜுக்கும் என்ன உறவு?

‘ராம்சர் தலம்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்களே? ஈரநிலங்களைக் காக்க 1971 பிப்ரவரி 2-இல் ஈரானின் ராம்சர் நகரில் 18 நாடுகள் கூடி உருவாக்கிய ஒப்பந்தம். அதற்காக ஓடியாடி உழைத்தவர்களில் முக்கியமானவர் ஜெஃப்ரி மேத்யூஸ். அவர் யார்? ஸ்காட்டின் அறக்கட்டளையில் ஆராய்ச்சி இயக்குநர்! அலுவலகம் எங்கே? ஸ்லிம்பிரிட்ஜ்!

அந்தப் பட்டியலில் 2002-இல் தமிழ்நாட்டிலிருந்து முதலில் ஏறியது கோடியக்கரை! பிறகு வேடந்தாங்கலும் கூந்தன்குளமும்! இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இறங்கும் அதே கூந்தன்குளம்தான்!

அடுத்த சீசனுக்கு அங்கே போகிறீர்களா? செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். ஒரே இனப் பறவை இரண்டைத் தேர்ந்தெடுத்து, தலையை மட்டும் வரைந்து பாருங்கள். அழகாக வர வேண்டும் என்று அவசியமே இல்லை! வரித்தலை வாத்தின் தலையில் எத்தனை பட்டை? இரண்டு வாத்துக்கும் பட்டை ஒரே மாதிரிதானா? பார்த்துச் சொல்லுங்களேன்!